காய் விலையும் வீட்டுச் செலவும்

கேரளத்து எல்லை மலையிலுள்ள சாந்தன்பாறையில் டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்காருகிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நேத்து காய் என்னண்ணே போச்சு?" காய் என்றாலே இங்கே ஏலக்காய். 'போச்சு' என்றால் போடியிலோ புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டின் மின்னேலத்தில் கிலோவுக்குக் கிடைத்த விலை. கேட்கிறவருக்குச் சொந்தத் தோட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜீப் ஓட்டுகிறவர், ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், மருந்துக்கடைக்காரர் என்று எல்லோருடைய மாதமும் அந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் ஓடுகிறது.

ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, "இருக்கவே இருக்கு மூணு ஏக்கர்" என்று மலையேறுகிறவர்களும் இந்த எண்ணைத்தான் மனதுக்குள் சம்பளமாக எழுதிக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஏலக்காய்ப் பணத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் அது மற்ற எல்லாப் பணத்தையும்விட இனிப்பாகத் தெரியும். அந்த இனிப்பில், அடுத்த வருடம் அது பாதியாகலாம் என்பது மறந்துபோகும். காய்ப் பணத்தைப் போனஸ் என்று வைத்துக்கொண்டு, வீட்டுச் செலவை வேறு பணத்தில் நிறுத்தத் தெரிந்தால் சீக்கிரம் ஓய்வு பெறுவது இந்த மலையில் நடக்கக்கூடிய காரியம். அதை எப்படிச் செய்வது, வரி எங்கே எப்படி வரும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில், நாள் குறித்துச் சொல்லக்கூடிய ஒரு சம்பவம். 2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தது. ஐம்பது வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்கலாம். 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000-க்கும் அதிகமானோர் ஒரே நாளில் வேலையை விட்டு இறங்கினார்கள். அந்த நேரத்தில் காய் விலை எங்கே இருந்தது தெரியுமா? 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிருந்தது. அதுவரை யாரும் பார்க்காத விலை. மலையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஐம்பது வயதுக்காரர் அந்தக் குளிர்காலத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டால், வேலையில் நீடிப்பதே நஷ்டம் என்றுதான் விடை வந்திருக்கும்.

இரண்டே மாதத்தில் ஊரடங்கு. ஏலம் நின்றது. போடிமெட்டில் எல்லை அடைபட்டது; போடி, தேவாரம் பக்கமிருந்து விடிகாலை ஜீப்பில் வரும் ஆட்கள் வர முடியவில்லை. ஏலம் மே மாதக் கடைசியில்தான் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு விலை இறங்க ஆரம்பித்து, 2022-ல் சராசரி ஆயிரம் ரூபாய்க்குக் கீழே வந்தது. கூலியும் உரமும் மருந்தும் மட்டும் இறங்கவில்லை. பிறகு விலை திரும்ப ஏறியபோது 2024 கோடையின் வறட்சி வந்தது. உடும்பன்சோலைத் தாலுகா முழுக்கச் செடி காய்ந்தது. புதிதாக நட்ட ஏலச்செடி ஒழுங்காகக் காய்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆக, விலை இருந்த வருடம் காய் இல்லை, காய் இருந்த வருடம் விலை இல்லை. யானை தனிக் கணக்கு. பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை அரிசிக்காகத் திரும்பத் திரும்ப உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக் கொண்டுபோனார்கள். மற்ற யானைகள் இங்கேயேதான் இருக்கின்றன.

மூன்று வருடத்தில் உச்ச விலையில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடிய ஒன்றின் மேல் பால் பாக்கெட்டையும் கேஸ் சிலிண்டரையும் பள்ளிக் கட்டணத்தையும் உட்கார வைக்க முடியாது.

சரி, எவ்வளவு பணம் இருந்தால் வேலையை விடலாம்? அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் போட்ட கணக்கை இன்றும் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். சேமிப்பில் முதல் வருடம் 4 சதவீதம் எடு, அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை மட்டும் உயர்த்திக்கொண்டே போ, முப்பது வருடம் தாங்கும் என்பது அவர் கண்டது. அது அந்த நாட்டுப் பங்குச் சந்தையையும் பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. அறுபதில் ஓய்வு பெறுகிறவருக்கு முப்பது வருடம் சரி. ஐம்பதில் விடுகிறவருக்கு நாற்பது வருடம் ஓட வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேறு. நான் மூன்றரை சதவீதத்துக்கு மேல் போகமாட்டேன்.

ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 52 வயது, மனைவிக்கு 47. மாதச் செலவு 45,000 ரூபாய்; வருடத்துக்கு 5,40,000. இதோடு பெரும்பாலானோர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: மாதக் கணக்கில் வராத செலவுகள். மொய், திருவிழா, வண்டி இன்சூரன்ஸ், மழையில் போன கூரைத் தகடு, பிள்ளையின் காலேஜ் ஹாஸ்டல். அதற்கு ஒரு 1,10,000 சேர்த்தால் வருடம் ஆறரை லட்சம். விருப்ப ஓய்வில் மாதம் 25,000 ரூபாய் பென்ஷன் வருகிறது என்றால் அதில் மூன்று லட்சம் அடங்கிவிடும். மீதி மூன்றரை லட்சத்தைச் சேமிப்பு தர வேண்டும். மூன்றரை சதவீதக் கணக்கில் அதற்கு ஒரு கோடி ரூபாய் வேண்டும். பென்ஷன் இல்லாதவருக்கு ஒரு கோடியே 85 லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கில் தோட்டத்தை நான் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 45,000 பன்னிரண்டு வருடத்தில் 90,000 ஆகும். அதனால்தான் முழுப் பணத்தையும் எஃப்.டி.யில் போட்டு வட்டியை எடுத்துச் சாப்பிட முடியாது. அறுபத்து நான்கு வயதில் பாதி வயிறுதான் நிறையும்.

தோட்டத்துக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். தனி நோட்டு மட்டும் போதாது, வங்கிக் கணக்கே தனியாக வேண்டும். காரணம், தோட்டம் முதலில் வாங்கிக்கொண்டுதான் பிறகு கொடுக்கும். கவாத்து, உரம், மருந்து, கோடைத் தண்ணீர் எல்லாம் ஜூலைக்கு முன்னால். முதல் காயெடுப்பு ஜூலை, ஆகஸ்ட்டில்தான். அதற்கு நடுவில் வீட்டுப் பணத்தில் கைவைத்துத் தோட்டத்துக்குப் போட்டு, காய் வந்ததும் அதை எடுத்து வீட்டில் போட்டு, இப்படிக் குழப்பிக்கொண்டவர்களுக்குத் தோட்டம் லாபமா நஷ்டமா என்பதே பத்து வருடமாகத் தெரியாது. நல்ல வருடத்தில் தோட்டக் கணக்கில் அடுத்த இரண்டு பருவத்தின் செலவு நிற்க வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதைத்தான் வீடு தொடலாம். பருவச் செலவுக்குக் கிசான் கிரெடிட் கார்டு இருந்தால் மூன்று லட்சம் வரை வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாக வந்து நிற்கும். நகையை அடகு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

விலை ஏறட்டும் என்று உலர்ந்த காயை மூட்டை கட்டி ஸ்டோரில் வைத்துக்கொண்டு உட்காருவதும் முதலீடுதான், அதுவும் நிறம் மங்கிப்போகிற முதலீடு. ஒரு பங்கை வைத்திருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுச் செலவுப் பணத்தை மூட்டைக்குள் வைக்காதீர்கள்.

இனி வரி.

'விவசாய வருமானத்துக்கு வரி இல்லை', '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற இரண்டு வாக்கியமும் தனித்தனியே உண்மை. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் கணக்கு மாறும். இதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மலையில் தோட்டமும் கீழே சேமிப்பும் வைத்திருக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரும் வரியில் அதிகபட்சம் 60,000 ரூபாய் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியால்தான் 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறோம். விவசாய வருமானம் மொத்த வருமானத்தில் சேராது. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி எந்தப் படியில் விழும் என்று பார்க்க மட்டும் அதைச் சேர்ப்பார்கள்.

எப்படி என்று பார்ப்போம். கொஞ்சம் வசதியான ஒரு வீடு. பென்ஷன், வட்டி, போடியில் விட்டிருக்கும் கடை வாடகை எல்லாம் கழிவுகள் போக 9 லட்சம். தோட்டத்தில் செலவு போக 10 லட்சம். இரண்டையும் கூட்டினால் 19 லட்சம். அதற்கு வரி 1,80,000. பிறகு தோட்ட வருமானம் 10 லட்சத்தோடு வரியில்லா 4 லட்சத்தைக் கூட்டி 14 லட்சத்துக்கு வரி பார்த்தால் 90,000. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 90,000. அதுதான் அந்த 9 லட்சத்துக்கான வரி. தள்ளுபடி 60,000 போக மீதி 30,000. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 31,200. தோட்டமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் அதே 9 லட்சத்துக்கு ஒரு பைசா கட்டமாட்டார். "பன்னெண்டு லட்சத்துக்குள்ளதானே வருது" என்று ரிட்டர்னில் தோட்டத்தைக் காட்டாமல் விட்டவருக்குப் பின்னால் நோட்டீஸ் வந்தால், வட்டியோடு கட்ட வேண்டும்.

சின்ன வீடுகள் பயப்பட வேண்டாம். மற்ற வருமானம் 5 லட்சம், தோட்டம் 6 லட்சம் என்றால் இதே முறையில் வரி 10,000-தான் வரும்; தள்ளுபடியில் அது போய்விடும். வரி பூஜ்யம்.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு வழியும் தெரியும். அதே வசதியான வீட்டில் தோட்டம் படுத்துவிட்ட வருடம் வரி இல்லை. 12 லட்சம் வரை மற்ற வருமானத்துக்கு இடம் இருக்கிறது. எனவே எப்போது விற்பது என்பது நம் கையில் இருக்கிற முதலீடுகளை, உதாரணமாகக் கடன் பத்திர மியூச்சுவல் ஃபண்டுகளை, காய் விழுந்த வருடத்தில் விற்று லாபத்தை எடுக்கலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் பத்திர ஃபண்டின் லாபம் சாதாரண வருமானம்போலப் படிக்கணக்கில் வரும். விற்கும் வருடத்தில்தான் வரி. எஃப்.டி. அப்படி இல்லை, முதிர்வில் மொத்தமாக வாங்கினாலும் வங்கி வருடா வருடம் சேர்ந்த வட்டியை வரித் துறைக்குக் காட்டிக்கொண்டிருக்கும். காய் விழுந்த வருடத்தில்தான் கையிலும் பணம் தேவைப்படும். வரியும் தேவையும் ஒரே வருடத்தில் ஒத்துப்போவது அபூர்வம், கிடைத்ததை விடக்கூடாது.

பங்கு ஃபண்டுகளுக்கு இந்தத் தள்ளுபடி உதவாது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வருடத்துக்கு 1,25,000 ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

எது விவசாய வருமானம் என்பதிலும் தெளிவு வேண்டும். சொந்த நிலமாக இருக்க வேண்டியதில்லை. குத்தகை நிலத்தில் விளைவித்தாலும் அது விவசாய வருமானமே. ஏலச்செடி நாற்று விற்றாலும் அப்படித்தான். ஊடுபயிராக நிற்கும் மிளகும் சேரும். ஆனால் உங்கள் ஸ்டோரில் பக்கத்துத் தோட்டக்காரரின் பச்சைக்காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுத்தால் அந்தக் கூலி தொழில் வருமானம். காப்பியைப் பழமாக விற்காமல் பதப்படுத்தி விற்றால் அதில் 25 சதவீதம் வரிக்குள் வரும். ஹோம்ஸ்டே வாடகைக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஜன்னலைத் திறந்தால் ஏலத்தோட்டமே தெரிந்தாலும்.

ரசீது இல்லாத விவசாய வருமானம் வரித் துறையின் கண்ணில் வெறும் ரொக்கம். மலஞ்சரக்குக் கடையில் (மலை விளைபொருள் வாங்கும் கடை) காயைப் போட்டுவிட்டுக் கையில் நோட்டாக வாங்கி வந்தால், அன்றைக்கு வசதி. அதையே வங்கியில் கட்டும்போது கேள்வி வரும். சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் விழுந்தால் வங்கி தானாகவே வரித் துறைக்குத் தகவல் கொடுத்துவிடும். ஏலத்தில் விற்றால் பணம் வங்கி வழியாக வரும், பட்டியலும் இருக்கும். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்னில் நிலத்தின் மாவட்டம், பின்கோடு, பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா எல்லாம் கேட்பார்கள். சம்பளக்காரராக இருந்தபோது போட்ட எளிய ஐ.டி.ஆர்.-1 படிவம் இனி ஆகாது. 5,000 ரூபாய்க்கு மேல் தோட்ட வருமானம் இருந்தாலே வேறு படிவம்.

இன்னொரு சின்ன இடறல்: சம்பளத்தில் ஆபீஸே வரியைப் பிடித்துக் கட்டிவந்தது. இப்போது வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வரி வருமானால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நான்கு தவணையில் நீங்களே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அறுபது தாண்டி, தொழில் வருமானமும் இல்லாதவருக்குத்தான் இதில் விலக்கு. ஐம்பதில் ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய எண்களைச் சொல்லி ஆடிட்டரிடம் வாதாட வேண்டாம்.

வேலையை விடும்போது வரும் மொத்தப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விருப்ப ஓய்வு இழப்பீட்டில் 5 லட்சம் வரை வரி இல்லை. கிராஜுவிட்டி தனியார் துறையில் 20 லட்சம் வரையும், சேர்த்து வைத்த லீவுக்கு 25 லட்சம் வரையும் விலக்கு உண்டு. பி.எஃப். பணத்தை 'அங்கேயே இருக்கட்டும், நல்ல வட்டி' என்று விட்டுவைக்கிறவர்கள் உண்டு. வட்டி நல்லதுதான், ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எஸ்டேட் தொழிலாளிகளுக்கு வேறொன்று: பி.எஃப். பென்ஷன் 58 வயதில். பத்து வருடம் சர்வீஸ் இருந்தால் 50-லிருந்தே கேட்கலாம், ஆனால் முன்னால் வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுக்க. முட்டு வலியும் முதுகு வலியும் வந்து வேலையை விடுகிற அக்காமார் "வர்றது வரட்டும்" என்று ஐம்பத்தொன்றில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மகனோ மகளோ சம்பாதிக்கிற வீடாக இருந்தால் சில வருடம் பொறுப்பதே லாபம்.

பணத்தை எங்கே வைப்பது? பென்ஷன் போக இரண்டு மூன்று வருட வீட்டுச் செலவு, நம் உதாரண வீட்டுக்குப் பத்து லட்சம்போல, எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வங்கியில் இருக்க வேண்டும். 55 வயதுக்கு மேல் விருப்ப ஓய்வு பெற்றவருக்கு, பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால், போஸ்ட் ஆபீசின் மூத்த குடிமக்கள் திட்டம் திறந்திருக்கிறது: 30 லட்சம் வரை, 2025-ல் 8.2 சதவீதம். முழுத் தொகை போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். 52-ல் வந்தவருக்கு அது இல்லை. மாத வருமானத் திட்டத்துக்கு வயது வரம்பு இல்லை. கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் 15 லட்சம் போட்டால் 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250. பத்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் பங்குச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கலாம். விலைவாசியைத் துரத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு ஏக்கர் வாங்குவது அதற்கு மாற்று ஆகாது. மூணு ஏக்கர் படுக்கிற வருடம் ஐந்து ஏக்கரும் சேர்ந்தே படுக்கும்.

வங்கியில் போட்ட பணம் திவாலிலும் பத்திரம் என்பதற்கு வரம்பு உண்டு: ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் இன்சூரன்ஸ். கேரளத்தில் ஊருக்கு ஊர் இருக்கும் சர்வீஸ் சகரண (கூட்டுறவு) வங்கிகள் இந்த இன்சூரன்சுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு மாநில அளவில் உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஓய்வுப் பணம் முழுவதையும் ஒரே சங்கத்தில் போடுவது எவ்வளவு வலிக்கும் என்பதைத் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் 2021-ல் வெளிவந்த மோசடி விவகாரத்தில் கேரளம் பார்த்தது. சீட்டுப் போடுகிறவர்கள் பதிவு பெற்ற சிட்டியாகப் பார்த்துப் போடுங்கள், கே.எஸ்.எஃப்.இ. மாநில அரசின் நிறுவனம்.

நிலத்தைச் சொத்தாக எழுதலாம், காசாக எழுதக்கூடாது. மலையில் இதற்குக் காரணம் உண்டு. 1897-ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காட்டைப் பற்றி வெளியிட்ட அறிவிக்கையில் காடாகச் சொன்ன பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏலமலை நிலத்தில் புதுப் பட்டயம் கொடுக்க இடைக்காலத் தடை போட்டது. பட்டயம் இல்லாத தோட்டத்தை வைத்து அவசரத்துக்கு வங்கியில் கடன் வாங்குவதும், நியாய விலைக்கு விற்பதும் லேசில் நடக்காது. விற்க முடிந்தால் ஒரு நல்ல செய்தி: கிராமப்புற விவசாய நிலம் வருமான வரிக் கணக்கில் மூலதனச் சொத்தே அல்ல. நகராட்சி எல்லைக்குள்ளும், அதன் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர் நேர்க்கோட்டுத் தூரத்துக்குள்ளும் இல்லாவிட்டால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. சாந்தன்பாறை ஊராட்சி, போடியும் கட்டப்பனையும் அதைவிடத் தள்ளி இருக்கின்றன.

ஓய்வுப் பணத்தில் ரிசார்ட் கட்டலாம் என்ற ஆசை, 2022-ல் கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது வந்த கூட்டத்தைப் பார்த்த பலருக்கும் வந்தது. விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என்று பதித்துக் கொடுத்த நிலத்தில் வியாபாரக் கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் என்.ஓ.சி. பிரச்சினை இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் சாந்தன்பாறையில் ஓர் அரசியல் கட்சி அலுவலகத்தின் கட்டட வேலையே அந்தப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. கட்சிக்கே அப்படி என்றால், தனி ஆள் பட்டயத்தை வக்கீலிடம் காட்டாமல் செங்கல் இறக்கக்கூடாது.

மருத்துவச் செலவு. வேலையை விடும் அன்றே ஆபீஸ் இன்சூரன்ஸ் போய்விடும். விடுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே குடும்பத்துக்குச் சொந்தப் பாலிசி எடுத்துவிட்டால், சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்) வேலையில் இருக்கும்போதே ஓடி முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பாலிசி எடுக்கும்போது நீங்கள் உண்மையில் எந்தப் பக்கம் இறங்குவீர்கள் என்று யோசியுங்கள். ராத்திரி நெஞ்சுவலி என்றால் போடிமெட்டு இறங்கித் தேனி, மதுரை போகிற வீடு, கோட்டயத்து ஆஸ்பத்திரிகளின் பட்டியலை நீளமாகக் காட்டும் பாலிசியை வாங்கிப் பயனில்லை.

கடைசியாகப் பேர் விஷயம். மனைவி பேரில் எஃப்.டி. போட்டால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; உங்கள் பணத்தை மனைவிக்குக் கொடுத்தால் அதில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். பதினெட்டு தாண்டிய பிள்ளைக்குக் கொடுத்தால் சேராது, ஆனால் பணம் பிள்ளையுடையதாகிவிடும். மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த தோட்டம் என்றால் அந்த வருமானம் அவருடையது. அதை அவர் கணக்கிலேயே வாங்கி, அவர் ரிட்டர்னிலேயே காட்ட வேண்டும். மேலே சொன்ன வசதியான வீட்டில் அந்தப் பத்து லட்சம் மனைவியின் தோட்டத்தினுடையது, அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால், 31,200 ரூபாய் வரி வந்திருக்கவே வந்திருக்காது.

வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், வாரிசு வேறு. உயில் தனியாக வேண்டும். தண்டப்பேர் எண் (நிலவரிக் கணக்கு எண்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, பட்டயத்தின் நகல், ஏலத்தில் விற்க வைத்திருக்கும் பதிவு, பாலிசி எண், பி.எஃப். எண், எந்த வங்கியில் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். கேரளத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரை வைத்து நாலு வரி தமிழில் அதன் பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள். நோட்டு எந்த பீரோவில் இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். ஒருவர் சாந்தன்பாறையிலும் ஒருவர் போடியிலுமாக இருக்கிற குடும்பத்தில், பீரோ சாவி எந்த ஊரில் இருக்கிறது என்பதும்.